எழுபது வயது வரை காத்திருப்பீர்களா?

கேள்வி: எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள் நான். கல்யாணமாகி நியூஜெர்சி வந்து 12 வருடமாகக் களிமண்ணைத் தொடவில்லை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. சிற்பி லூயிஸ் பூர்ஷுவா 70 வயதில்தான் புகழ் பெற்றாராம். பிள்ளைகள் வளர்ந்தபின் நானும் தொடங்கலாமா? ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஊரிலிருந்து பொம்மை வரவழைத்துக் கொலு வைக்கிறேன். படி கட்டும்போது என் கருவிப் பெட்டியை ஓரமாகத் தள்ளும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

பதில்: சகோதரி, தவறாகப் படித்திருக்கிறீர்கள். 1982-ல், அவருடைய 70-வது வயதில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. தாமதம் அருங்காட்சியகத்துடையது. அவர் காத்திருக்கவில்லை.

1938-ல் கலை வரலாற்றாளர் ராபர்ட் கோல்ட்வாட்டரை மணந்து பாரிஸிலிருந்து நியூயார்க் வந்தார். 1941 முடிவதற்குள் மூன்று பையன்கள், அதில் ஒருவன் தத்துப்பிள்ளை. பட்டறை வைக்க இடமில்லை. குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போய் மரம் செதுக்கினார். நெடுநெடுவென நிற்கும் அந்த உருவங்கள் பிரான்ஸில் விட்டுவந்த மனிதர்களின் நினைவு. 1949-ல் நியூயார்க்கில் பார்வைக்கு வைத்தபோது, பீடமில்லாமல் தரையிலேயே நிறுத்தினார். 1951-ல் அப்பா இறந்தபின் மனம் ஒடிந்துபோனார், 1953-க்குப் பிறகு 1964 வரை நியூயார்க் நகரில் தனிக்கண்காட்சியே இல்லை. அப்படி விழுந்தும் எழுந்தவர் அவர். நீங்கள் இன்னும் மாடிப்படியே ஏறவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அந்தக் கொலுதான். சிற்பம் படித்த கை, கடல் தாண்டிப் பொம்மை வரவழைக்கிறதா? ஒரு செட்டியார் பொம்மையாவது செய்தீர்களா? வருடத்துக்கு ஒருமுறை பெட்டி உங்கள் கையில் வருகிறது. அதைத் தள்ளுவது கணவருமில்லை, பிள்ளைகளுமில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி நீங்கள் தள்ளுகிறீர்கள்.

குடும்பம்தான் முதல் என்று இந்தப் பக்கத்தில் எப்போதும் சொல்பவள் நான். அதனால்தான் திட்டுகிறேன். பூர்ஷுவாவின் பெற்றோர் பழைய திரைச்சீலைச் சித்திரங்களைச் செப்பனிடும் பட்டறை நடத்தினார்கள். சிதைந்துபோன பாதங்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயிஸின் வேலை. அம்மா வேலை செய்ததைப் பார்த்து வளர்ந்த அந்தப் பெண், 1999-ல், 87 வயதில், சுமார் 9 மீட்டர் உயரச் சிலந்தி ஒன்றைச் செய்து அதற்கு 'மாமன்' என்று, பிரெஞ்சில் அம்மா என்றே, பெயர் வைத்தார். உங்கள் மகள் உங்கள் கையில் எதைப் பார்த்து வளர்கிறாள்? தனக்குத் தெரிந்ததைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது தாயின் கடமைக்குள் வராது.

இந்த வருடம் ஊரிலிருந்து பொம்மை வரக்கூடாது. சூளை இல்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம், காகிதக் கூழுக்குச் சூளை தேவையில்லை. மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கணவரிடம் அனுமதி கேட்காதீர்கள். சனிக்கிழமை காலைச் சமையலும் சின்னவனும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். அவரும் அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன்தானே.