விசிறி சுழல்கிறது, திரை இருண்டிருக்கிறது

கேள்வி: ரைசன் 7600 பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ராம், தனி கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைக் கொண்டு மேசைக் கணினி ஒன்றை நானே பூட்டினேன். பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன. மானிட்டரில் எதுவும் வரவில்லை. ராம் பழுதாக இருக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: தயவுசெய்து உடனே அணைத்துவிடாதீர்கள். உங்களுடையதைப் போன்ற ஏஎம்5 மதர்போர்டுகள் (ரைசன் 7600 பொருந்தும் சாக்கெட் வகை), புதிய டிடிஆர்5 ராமை முதன்முதலாகக் காணும்போது, அது எந்த நேர அளவுகளில் பிழையின்றி இயங்கும் என்பதைத் தாமே சோதித்துப் பார்த்துக்கொள்கின்றன. இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம், அதுவரை திரை இருண்டுதான் இருக்கும். பல போர்டுகளில் 'டிராம்' என்ற எழுத்தருகே சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நடுவில் அணைத்தால் சோதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும் என்பதால், கால் மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

அதன் பிறகும் படம் வராவிட்டால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி, நான்கு ராம் இடங்கள் உள்ள போர்டில் இரண்டு பட்டைகள் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணும்போது வரும் இரண்டாம், நான்காம் இடங்களில், 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை இரு முனைகளிலும் அழுத்திப் பொருத்துங்கள். புதிதாகப் பூட்டுபவர்கள் போர்டு வளைகிறதே என்று அஞ்சிப் பாதியில் கையை எடுத்துவிடுவதும் பல நேரங்களில் கோளாறுக்குக் காரணமாகிறது.

திரை உயிர்பெற்றதும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) பிராசஸரின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு விண்டோஸை நிறுவுங்கள். 6000 வேகமுள்ள ராம் வாங்கியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்போ என்ற, ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை இயக்கும்வரை அது பொதுவாக 4800 வேகத்திலேயே ஓடும்.