பத்திரத்தில் அந்த வரி இல்லை. எழுதிக் கொடுத்த வீடு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 69 வயது, கணவர் இல்லை. என் பெயரில் இருந்த வீட்டை 2019-இல் மூத்த மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்டான். இப்போது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் கிடக்கிறேன்; சாப்பாட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்கிறார் சார்பதிவாளர். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்று அதில் எழுதாததால் வழக்கும் நிற்காது என்கிறார்கள். உண்மையா?
வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, சார்பதிவாளர் சொன்னது சரி. செட்டில்மெண்டை, அதாவது பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை மாற்றித் தரும் பத்திரத்தை, எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. ஆனால் வழக்கே நிற்காது என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று இந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் அந்த 'நிபந்தனை' என்ற சொல்லில்தான். 2022 டிசம்பரில், சுதேஷ் சிகாரா வழக்கில், நிபந்தனை இருந்ததை நிரூபிக்காமல் இந்தப் பிரிவைக் கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உங்களிடம் சொன்னவர்கள் மனதில் இருப்பது இதுதான்.

அதற்கப்புறம் நிலைமை மாறியது. 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில், முதியோரைக் காக்க வந்த இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, தாய் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டையும் அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது அதே உச்ச நீதிமன்றம். நமக்கு இன்னும் நெருக்கமானது 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நாகப்பட்டினம் மூதாட்டி ஒருவரின் வழக்கு அது. 'அன்பும் பாசமும்' காரணமாக எழுதிய பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை உள்ளுறையாக இருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தாலும்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகிற அந்த வரிதான் இன்று உங்களுக்குப் பிடிமானம்.

ஆனாலும் உங்கள் மகனின் தரப்பு 2022 தீர்ப்பைக் காட்டும். ஊர்மிளா வழக்கில் அந்தத் தாயின் கையில் மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதமும் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதனால் ஆதாரம் சேருங்கள். எழுதிக் கொடுத்தபோது மகன் என்ன சொன்னார் என்பதைக் கேட்டவர்கள் யார்? மருத்துவச் செலவை யார் கட்டுகிறார்? மகள் எழுத்தில் சொல்லத் தயாரா? தங்கியிருக்கும் அறையையும் படம் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டின் மேல் விற்பனை, அடமானம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு இன்னொருவர் கைக்கு விலைக்குப் போய்விட்டால் மீட்பது மிகவும் கடினம். மகனுக்கு விஷயம் தெரிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகம், தீர்ப்பாயத்தின் தலைவர் அந்த ஆர்.டி.ஓ.தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். பத்திரத்தை ரத்து செய்யவும், வீட்டை ஒப்படைக்கவும், மாதப் பராமரிப்புத் தொகை தரவும் ஒரே மனுவில் கேளுங்கள். பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்துள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அந்தக் கோரிக்கையை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இழுக்கும், அலைய நேரும். உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பெற்ற பிள்ளை மீதே மனுவா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். படிக்குக் கீழே நீங்கள் கிடக்கும்போது கேட்காதவர்கள் அவர்கள். மனுவை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.