ஆய்வேட்டில் வலைப்பதிவை எப்படிக் காட்டுவது? – கேள்வி பதில்

கேள்வி: சார், ஆய்வேட்டில் வலைப்பதிவை ஆதாரமாகக் கொடுத்தால் நெறியாளர் அதை அடித்துவிடுகிறார். கொடுக்கவே கூடாதா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். யார் எழுதியது, எதற்காகக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் திமொதி கவர்ஸ் 2009 ஜனவரியில் தம் வலைப்பதிவில், பலர் கூடி ஒரு கணிதச் சிக்கலைத் தீர்க்க முடியுமா என்று கேட்டு எழுதினார். பாலிமத் என்ற கூட்டு முயற்சி அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் வரலாற்றை எழுதுபவருக்கு அந்தப் பதிவே முதன்மை ஆதாரம். ஆனால் ஒரு கல்வெட்டின் காலத்தைச் சொல்ல, யாரோ எழுதிய பதிவைக் காட்டினால் நெறியாளர் அடிப்பது நியாயம். பதிவர் எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று பார்த்து, அந்த நூலைப் படித்து அதையே காட்டுங்கள். நூல் கிடைக்காவிட்டால் பதிவை மட்டும் காட்டுங்கள். படிக்காத நூலைப் படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பது நேர்மையல்ல.

கேள்வி: என்னென்ன விவரம் வேண்டும்?

பதில்: எழுதியவர், பதிவின் தலைப்பு, வலைப்பதிவின் பெயர், வெளியான தேதி, முகவரி. ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பில் தேதி எழுதியவர் பெயரை அடுத்து வரும்; வலைப்பதிவின் பெயர் சாய்வெழுத்தில். எம்.எல்.ஏ. என்ற இன்னொரு மேற்கோள் முறையில் தலைப்பு மேற்கோள் குறிக்குள், தேதி பின்னால்.

பலர் தவறுவது முகவரியில்தான். முகப்புப் பக்கத்தைக் கொடுத்தால், நாலு புதுப் பதிவு வந்ததும் நீங்கள் படித்தது கீழே போய்விடும். தலைப்பைச் சொடுக்கினால் திறக்கும் முகவரியை எடுங்கள். பிளாகர் பதிவைக் கைப்பேசியில் நகலெடுத்தால் கடைசியில் கேள்விக்குறியோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: இந்த முறைகளில் குடும்பப் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே?

பதில்: க. முருகன் என்றால் 'முருகன், க.' என்று போதும். தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டால், தேடுபவர் வேறு ஆளைத் தேடுவார். புனைபெயரில் எழுதியிருந்தால் அப்படியே போடுங்கள். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை.

கேள்வி: வைவா (வாய்மொழித் தேர்வு) வருவதற்குள் பதிவை நீக்கிவிட்டால்?

பதில்: அதற்குத்தான் வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு அதை 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பதிவின் முகவரியைக் கொடுத்துச் சேமித்தால் தனி முகவரி தரும். அதிலுள்ள 14 இலக்கங்கள் ஆண்டு முதல் வினாடி வரை, நகலெடுத்த நேரம். பதிவர் பிறகு திருத்தினாலும் நீங்கள் படித்த வடிவம் அங்கே இருக்கும். மேற்கோள் எடுக்கும் அன்றே சேமியுங்கள். பதிவே போன பிறகு சேமிக்க முடியாது.

கேள்வி: விக்கிப்பீடியாவில் வலைப்பதிவை ஆதாரமாக ஏற்பார்களா?

பதில்: ஆங்கில விக்கிப்பீடியாவில் பெரும்பாலும் மாட்டார்கள். அந்தத் துறையில் ஏற்கெனவே நம்பகமான பதிப்பகங்கள் வழியாக எழுதிவரும் வல்லுநரின் பதிவென்றால் ஏற்கலாம். உயிரோடிருக்கும் இன்னொருவரைப் பற்றிய தகவலுக்கு அந்த வல்லுநரின் பதிவும் செல்லாது.