ஏழாவது பத்தி

அன்புள்ள ஐயா,

என் ஒன்பது வயது மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கத் திணறும் கற்றல் சிக்கல், என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்க நடிகர் ஹென்றி விங்க்ளருக்கும் இதே சிக்கல் இருந்ததாம், தொலைக்காட்சிக்கான எம்மி விருதே வாங்கியிருக்கிறார். தினமும் அவர் கதையைச் சொல்லி மகனை ஊக்கப்படுத்துகிறேன். ஆனாலும் வாசிக்க உட்கார்ந்தால் அழுகிறான். கைபேசியால் வந்திருக்குமோ? அவனுக்கு ஏற்ற புத்தகம் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கைபேசியால் வருவதில்லை. அதை விடுங்கள்.

தினமுமா சொல்கிறீர்கள்? 'அழு'வையே எழுத்துக்கூட்டி முடிக்காத பிள்ளையிடம் எம்மி விருதையா நீட்டுவது? விங்க்ளருக்கு அது 2018இல், 72 வயதில் கிடைத்தது. அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். பெர்லினிலிருந்து 1939இல் தப்பி வந்த பெற்றோர், மகனை ஜெர்மன் மொழியில் 'முட்டாள் நாய்' என்று அழைத்திருக்கிறார்கள். தனக்கு என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்ததே 31 வயதில், மனைவியின் மகனைச் சோதித்தபோது. தெரிந்ததும் அவருக்கு வந்தது கோபம். வாங்கிய திட்டும் தண்டனையும் எதற்காக என்ற கோபம். 'ஹேப்பி டேஸ்' தொடரில் ஊரே கொண்டாடிய நாட்களிலும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் வாசிக்கும்போது திணறிக் கூனிக் குறுகியிருக்கிறார்.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் இருந்தான். தமிழ் வாத்தியார் ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வார். இவன் முன்னால் இருக்கும் தலைகளை எண்ணுவான். "எனக்கு ஏழாவதுடா, சொல்லு" என்று தொடையில் கிள்ளுவான். நான் இரண்டு முறை கிசுகிசுத்தால் போதும், முழுதும் மனப்பாடம். முறை வந்ததும் புத்தகத்தை ஏந்தி அவன் 'வாசிக்கிற' ஏற்ற இறக்கம் எங்கள் யாருக்கும் வராது. ஒருநாள் முன்னால் இருந்தவனையே இரண்டு பத்தி வாசிக்க வைத்துவிட்டார். இவன் எழுந்து, அப்போதுதான் வாசித்து முடித்த ஏழாவது பத்தியை அதே கம்பீரத்தோடு மறுபடி ஒப்பித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

விங்க்ளரும் நடிப்புத் தேர்வுகளில் இதைத்தான் செய்தார்: முடிந்தவரை மனப்பாடம், மீதிக்குச் சொந்தச் சரக்கு. அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. என் நண்பன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். நடிகன் ஆகவில்லை. ஆகியிருந்தால்தான் அவனைப் பார்த்துச் சிரித்தது தப்பா? உங்கள் மகனும் எதுவும் ஆகாமல் போகலாம். அப்போதும் அவன் உங்கள் பிள்ளைதானே, ஐயா? இந்த வயதிலேயே அவன் தலையில் ஏன் ஒரு விருதைத் தூக்கி வைக்கிறீர்கள்?

சரி, புத்தகம் கேட்டீர்கள். எழுத்தையும் ஒலியையும் பொறுமையாக இணைத்துச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் ஒருவரை முதலில் பிடியுங்கள். அப்புறம், விங்க்ளரே லின் ஆலிவரோடு சேர்ந்து ஹாங்க் ஜிப்சர் என்ற பையனின் கதைகளை 2003 முதல் எழுதினார். ஹாங்க்கும் நான்காம் வகுப்பு, அவனுக்கும் எழுத்து பிடிபடாது. ஆங்கிலம்தான், நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். ராத்திரி விளக்கடியில் நீங்கள் வாசியுங்கள், அவன் படுத்துக்கொண்டு கேட்கட்டும். நடுவில் நிறுத்தி, "அடுத்த வரியை நீ வாசி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.