‘லஸ்ட் ஃபார் லைஃப்’: கேட்டதும் சொன்னதும்

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கையைச் சொல்லும் 1956ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் இது. இயக்கம் வின்சென்ட் மின்னெல்லி, வான்கோவாக கிர்க் டக்ளஸ். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: சார், இதை அப்படியே வரலாறு என்று நம்பலாமா?

பதில்: முழுசாக வேண்டாம். இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய நாவல்தான் மூலம். பேச்சுகளில் பெரும்பகுதி கற்பனை. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்கள் குரலாக வரும் இடங்களில் மட்டும் வான்கோவுக்குக் கொஞ்சம் நெருங்கிப் போகிறோம்.

கேள்வி: படத்தின் முதல் பகுதி ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? என் டிவியில் கோளாறா?

பதில்: டிவியை விட்டுவிடுங்கள், வேண்டுமென்றேதான் அப்படி எடுத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் பொரினாழ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வான்கோ மதபோதகராக இருந்த காலம் கரி படிந்த சாம்பலும் பழுப்பும்தான். ஹாலந்தில் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வரையும்போதும் அதே இருட்டு. பாரிஸ் வந்ததும் திரை வெளுக்கத் தொடங்கும். தெற்கே ஆர்ல் ஊருக்குப் போனதும் மஞ்சள் கொட்டும். வான்கோவின் தூரிகையும் ஏறத்தாழ இதே வழியில்தான் போனது. வசனமில்லாமலேயே ஒரு ஓவியன் வளர்வதைக் காட்டிவிடுகிறார் மின்னெல்லி. அப்போது புழக்கத்தில் இருந்த ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிம் அவருக்குப் பிடிக்கவில்லை, நிறம் கத்துகிறது என்று நினைத்தார். கைவிடப்பட்டிருந்த ஆன்ஸ்கோ ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, மிச்சமிருந்ததைத் தேடி வாங்க வைத்தார். நடிப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு இந்தப் படத்தின் நாயகன் நிறம்தான்.

கேள்வி: ஆந்தனி க்வின் கொஞ்ச நேரம்தானே வருகிறார், அவருக்கு எப்படி ஆஸ்கர்?

பதில்: துணை நடிகருக்கான விருதுதானே அது, கொஞ்ச நேரம் வந்தாலே போதும்! ஆனால் அவர் நடித்த பால் கோகேன் என்ற சக ஓவியர் வந்தபிறகுதான் வான்கோவுக்கு எதிரே நிற்க ஒரு ஆள் கிடைக்கிறது. டக்ளஸ் துடிக்கத் துடிக்க, க்வின் பைப்பைக் கடித்துக்கொண்டு அலட்சியமாக நிற்பார். டக்ளஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் யுல் பிரின்னருக்குப் போனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கேள்வி: அண்ணா, வான்கோ அறுத்துக்கொண்டது முழுக் காதா, வெறும் நுனியா? படத்தில் தெளிவாகத் தெரியவில்லை.

பதில்: வெட்டுவதைக் கேமரா காட்டுவதில்லை, அதுவே நல்ல முடிவு. நடந்தது 1888 டிசம்பர் 23 இரவு. கோகேன் ஆர்லுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காதின் கீழ்மடல் மட்டும்தான் போனது என்று வெகுகாலம் பலர் சொல்லிவந்தார்கள். அப்புறம் 2016இல் பெர்னடெட் மர்ஃபி என்ற ஆய்வாளர் ஒரு தாளை வெளியே கொண்டுவந்தார். சிகிச்சை அளித்த டாக்டர் ஃபெலிக்ஸ் ரே 1930இல் தன் கைப்பட வரைந்து காட்டிய படம் அது. கிட்டத்தட்ட முழுக் காதும் போய், அடியில் ஒரு சிறு துண்டுதான் மிஞ்சியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், டாக்டர் அதை வரைந்து கொடுத்ததே இந்த நாவலாசிரியர் ஸ்டோனுக்குத்தான். அவருடைய காகிதக் கட்டுகளுக்குள் அது இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது.

கோகேனை நோக்கி வான்கோ சவரக் கத்தியோடு வந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். அதைச் சொன்னவர் கோகேன் ஒருவர்தான், அதுவும் 1903இல் எழுதிய நினைவுக்குறிப்பில். நான் அதை அரை நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

கேள்வி: காகங்கள் பறக்கும் கோதுமை வயல்தானே கடைசி ஓவியம்?

பதில்: படம் அப்படித்தான் நம்பவைக்கிறது, சினிமாவுக்கு ரொம்ப வசதியான முடிவு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் ‘மரவேர்கள்’ என்ற முடிவுறாத ஓவியத்தைத்தான் கடைசியாகக் கருதுகிறது. 1890 ஜூலை 27 அன்று குண்டு பாய்ந்தது, 29இல் இறந்தார். வயது 37.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதில்: பத்தாவது படிக்கும் பிள்ளைகள் என்றால் சரி. தற்கொலை வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஒரு குறைகூட இல்லையா?

பதில்: இருக்கிறது. தியோவின் மனைவி யோவைக் கிட்டத்தட்ட ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணன் போன ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் இறந்தார். யோவுக்கு 28 வயது, கையில் ஒரு குழந்தை, வீடு நிறைய விலைபோகாத ஓவியங்கள். அவற்றைக் காப்பாற்றி, கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914இல் கடிதங்களைப் புத்தகமாக்கியவர் அவர். அந்தக் கடிதங்கள் இல்லாமல் நாவல் ஏது, இந்தப் படம்தான் ஏது? அவரை மையமாக வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் தயார்.