பக் நாய்க்கு பீச் வேணாம், தண்ணி டப் போதும்

வணக்கம். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போன உங்க பக், கடல் தண்ணியைக் குடிச்சு வாந்தி எடுத்துச்சு, ராத்திரி வரைக்கும் இரைப்பு நிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. வாந்தி அநேகமா உப்புத் தண்ணியாலதான். இரைப்புதான் எனக்குக் கவலை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும்; பக்குக்கோ மூக்கே சப்பை, அதனால இரைச்சாலும் சூடு லேசுல தணியாது. இன்னும் இரைப்பு இருந்தா இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

அடுத்த வாரமும் போலாமான்னு கேட்டீங்க. அக்னி நட்சத்திரம் முடியட்டும். அப்பவும் விடியக்காலைல, வீட்டுத் தண்ணியோட போங்க. புறங்கையை மணல்ல 7 செகண்ட் வச்சுப் பாருங்க. உங்களுக்குப் பொறுக்கலைன்னா அதுக்கும் பொறுக்காது. எங்க நாட்டு நாய் ஒருநாள் தார் ரோட்டுல காலை மாத்தி மாத்தித் தூக்கிட்டு நின்னுச்சு, அப்புறம்தான் எனக்கே புத்தி வந்துச்சு. அலையில மட்டும் இறக்காதீங்க, நம்ம கடல் இழுக்கும். வீட்டுல டப்புல அது வயிறு நனையிற அளவு தண்ணி விட்டாலே குஷியாயிடும்.

நாக்கு செக்கச்செவேல்னு ஆகி தள்ளாடுச்சுன்னா வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, ஃபேனைப் போட்டுட்டு, டாக்டர்கிட்ட போக ஆட்டோ பிடிங்க. மத்தியானம் மாடி டேங்க் தண்ணி கொதிக்கும், பிடிச்சு வச்ச வாளித் தண்ணியை எடுங்க. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுடாதீங்க, சூடு உள்ளேயே தங்கிடும்.