நூலும் எம்எம்மும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. ஆசாரி அளந்து பார்த்து ‘மூணடி ரெண்டு இஞ்சு மூணு நூல்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடையில் ‘எம்எம்ல சொல்லுங்க’ என்றார்கள். நானே கணக்குப் போட்டு 959 என்று சொல்லி வெட்டி வந்தேன். சட்டத்தின் காடிப் பள்ளத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. தப்பு யாருடையது?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: உங்களுடையதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இஞ்சுக்கு 25 என்று போட்டுப் பெருக்கியிருக்கிறீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு இஞ்சு 25.4 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி நாலு ஒரு இஞ்சில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் ஜன்னலில் 38 இஞ்சு இருக்கிறதே, அங்கேயே 15 எம்எம் காணாமல் போய்விட்டது. நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று, 3.175 எம்எம். இஞ்சைப் பாதியாக்கி, அதில் பாதி, அதிலும் பாதி என்று போனால் நூல் வந்து நிற்கும், மனக்கணக்கிலேயே ஓடும், அதனால்தான் ஆசாரிகள் அதை விடுவதில்லை. அவர்களே பிளைவுட் கடைக்குப் போனால் ‘எட்டுக்கு நாலு, பத்தொன்பது எம்எம்’ என்பார்கள். நீள அகலம் அடியில், கனம் மட்டும் எம்எம்மில்!

சரி, உங்கள் அளவு 974.7 வருகிறது. அப்படியே வெட்டாதீர்கள், மழைக்காலத்தில் மரம் ஊதினால் கண்ணாடி விரிசல் விடும். இரண்டு மூன்று எம்எம் குறைத்து 972 என்று சொல்லுங்கள், ஆசாரி ஏற்கெனவே கழித்துத்தான் எழுதினாரா என்று கேட்டுவிட்டு.

இன்னொன்று, இது நானே பட்டது. டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதே என்று ஒரு நாள் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேன். அப்புறம் வெட்டிய அலமாரிப் பலகை எல்லாமே ஒரு எம்எம் குட்டை. அந்தக் கொக்கி ஆட வேண்டும். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும், இரண்டிலும் தன் தகட்டுக் கனத்தைத் தானே சரிசெய்துகொள்ளத்தான் அந்த ஆட்டம்.

கேள்வி: ஏற்காட்டில் 70 மில்லிமீட்டர் மழை என்று செய்தியில் படித்தேன். தண்ணீரை லிட்டரில்தானே சொல்ல வேண்டும்? ஸ்கேலில் அளக்கிற அளவு மழைக்கு எதற்கு?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் பெய்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் மழையளவு, அதனால்தான் நீள அளவு. லிட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர், 70 மில்லிமீட்டருக்கு 6500 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் டேங்க் ஆறரை. வானிலைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாலே கனமழை. சில செய்திகளில் இதையே 7 செ.மீ. என்பார்கள், குழம்ப வேண்டாம். வீட்டில் அளந்து பார்க்க ஆசை என்றால் நேர்ச்சுவர் டப்பாவை வெட்டவெளியில் வைத்து ஸ்கேலை விடுங்கள். வாய் அகன்று அடி குறுகிய பக்கெட் வேண்டாம், அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

கேள்வி: 8 எம்எம் கம்பி என்று வாங்கியது நிஜமாகவே 8 எம்எம்தானா என்று எப்படிப் பார்ப்பது? கனம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லை.
- ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: இருந்தாலும் பிரயோஜனமில்லை, முறுக்குக் கம்பியில் மேலே வரிவரியாக இருப்பதால் எந்த இடத்தில் பிடிக்கிறீர்களோ அதற்கேற்ப அளவு மாறும். எடைதான் பேசும். எம்எம்மை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 எம்எம்முக்கு 395 கிராம், 12 மீட்டர் முழுக் கம்பிக்கு 4.74 கிலோ. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் 363 கிராமுக்குக் கீழே போனால் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். நிறுக்க மளிகைக் கடைத் தராசு போதும், ஒரு மீட்டர் துண்டை மட்டும் சரியாக அளந்து வெட்டிக்கொள்ளுங்கள், கொக்கி ஆடுகிற டேப்பால்.